போரா என்று யாரைக் கேட்பது? அமெரிக்க மக்கள் கருத்தும் போர் முடிவும், 1915–2017

1938 ஜனவரி 10 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானம் 188க்கு 209 என்ற கணக்கில் தோற்றது. இண்டியானா மாநில உறுப்பினர் லூயிஸ் லட்லோ கொண்டுவந்த அரசியலமைப்புத் திருத்தத்தைக் குழுவின் பிடியிலிருந்து எடுத்துச் சபையில் விவாதிக்கலாம் என்பதுதான் தீர்மானம். திருத்தத்தின் சாரம் இது: அமெரிக்க மண் தாக்கப்பட்டாலொழிய, போர் அறிவிக்கும் காங்கிரஸின் முடிவு நாடு தழுவிய பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்ற பிறகே செல்லுபடியாகும். சபை அதைத் தோற்கடித்தது என்று சொல்வதுகூடப் பொருந்தாது. பேசவே வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்த ஆண்டுகளில் ஜார்ஜ் கேலப்பின் கருத்துக்கணிப்புகள், பத்தில் ஏழு அமெரிக்கர்கள் அத்தகைய வாக்கெடுப்பை விரும்புவதாகக் காட்டிக்கொண்டிருந்தன.

மக்களைக் கேட்டுத்தான் போருக்குப் போக வேண்டும் என்ற யோசனை செத்த அதே பத்தாண்டில்தான் மக்களைக் கேட்பது ஒரு தொழிலாகப் பிறந்தது. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் அடுத்த எண்பது ஆண்டுகளைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து அமர்ந்தது தெரியும். போருக்கு முன்னால் வாக்குச்சீட்டில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி, போர் தொடங்கிய பின்னால் ஓராயிரம் பேரிடம் கேட்கப்படும் கேள்வியாக மாறியது. அமெரிக்க மக்களின் போர் விருப்பம் என்று எண்களில் நாம் படிப்பது, பெரும்பாலும் அரசு முன்பே எடுத்து வைத்துவிட்ட காலடிக்கு அவர்கள் பிறகு கொடுத்த இசைவு. இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

வாக்குச்சீட்டு

பொதுவாக்கெடுப்பு யோசனை லட்லோவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1915 மே மாதம் லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. இறந்தவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள். ஜெர்மனிக்கு அதிபர் வில்சன் எழுதிய கண்டனக் கடிதங்களின் தொனி நாட்டைப் போரில் தள்ளிவிடும் என்று அஞ்சிய வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஜூன் மாதம் பதவி விலகினார். போர் அறிவிப்பை மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்பது அவர் தொடர்ந்து பேசிய கருத்து. விஸ்கான்சின் செனட்டர் ராபர்ட் லா ஃபாலெட்டும் அதே திசையில் முயன்றார். மினசோட்டாவின் எர்னஸ்ட் லுண்டீன் தம் தொகுதி வாக்காளர்களுக்கு அஞ்சலட்டை அனுப்பித் தாமே ஒரு வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தார். வந்த பதில்களில் மிகப் பெரும்பான்மை போருக்கு எதிர்.

அது எதையும் மாற்றவில்லை. நாட்டைப் போரில் சிக்காமல் காத்தவர் என்ற பிரச்சாரத்தோடு 1916 நவம்பரில் மறுபடியும் வென்ற வில்சன், 1917 ஏப்ரலில் போர் கேட்டார். செனட்டில் 82க்கு 6, பிரதிநிதிகள் சபையில் 373க்கு 50. எதிர்த்த ஐம்பது பேரில் லுண்டீன் ஒருவர். காங்கிரஸுக்குத் தேர்வான முதல் பெண்ணான ஜெனட் ராங்கின் இன்னொருவர்.

அதன்பின் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அறிய வழியே இல்லாமல் போனது. ஜார்ஜ் கிரீல் தலைமையிலான பொதுத் தகவல் குழு சுமார் 75,000 பேச்சாளர்களைத் திரட்டித் திரையரங்குகளில் படச்சுருள் மாற்றும் இடைவேளையில் நான்கு நிமிடம் போரை ஆதரித்துப் பேச வைத்தது. மறுபக்கம், 1917 ஜூனில் நிறைவேறிய உளவுச் சட்டத்தின் கீழ், போரை எதிர்த்துப் பேசிய சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விழுந்தது. ஒரு பக்கத்தின் வாய்க்கு ஒலிபெருக்கியும் மறுபக்கத்தின் வாய்க்குப் பூட்டும் போட்ட பிறகு கிடைக்கும் ஒருமித்த குரலை மக்கள் கருத்து என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. போர்க்காலத்தில் பிரான்சில் பிரச்சாரத் துண்டறிக்கை வேலை பார்த்துத் திரும்பிய வால்டர் லிப்மன், 1922இல் பொதுக்கருத்து பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். தாம் நேரில் காணாத உலகத்தைப் பற்றி மனிதர்கள் தலைக்குள் தீட்டி வைத்திருக்கும் சித்திரங்களின் அடிப்படையிலேயே முடிவெடுக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் வேறு: இத்தகைய விஷயங்களை அறிந்தவர்களிடம் விடுவதே மேல். போருக்கு முன் மக்களைக் கேட்கக் கூடாது என்போருக்கு அது நல்ல கையிருப்பானது.

முப்பதுகளின் கசப்பை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்ட போர் எதைச் சாதித்தது என்ற கேள்வி எழுந்தது. 1934 முதல் 1936 வரை செனட்டர் ஜெரால்ட் நை தலைமையிலான குழு ஆயுத உற்பத்தியாளர்களின் போர்க்கால லாபத்தைப் பொதுவிசாரணையில் வைத்துத் துருவியது. 1935 தொடங்கி அடுத்தடுத்து நடுநிலைச் சட்டங்கள் வந்தன. 1937இல் கேலப் நிறுவனம், முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியது தவறா என்று கேட்டபோது சுமார் 70 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இருபது ஆண்டு தாமதமாகக் கேட்கப்பட்ட இந்தத் ‘தவறா’ என்ற கேள்வியைக் குறித்துக்கொள்ளலாம். பின்னர் ஒவ்வொரு போரிலும் இதே கேள்வி திரும்ப வரும்.

1937 டிசம்பர் 12 அன்று சீனாவின் யாங்சி ஆற்றில் அமெரிக்கப் போர்ப்படகு பனாயை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. பழைய காலமாக இருந்தால் இதுவே போருக்குப் போதுமான காரணம். இப்போது எதிர்வினை தலைகீழாக இருந்தது: லட்லோவின் மனுவுக்கு வேண்டிய 218 கையெழுத்துகள் சில நாட்களிலேயே நிறைந்தன. ஜப்பான் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தந்தது. வாக்கெடுப்பு நாளில் சபாநாயகருக்கு அதிபர் ரூஸ்வெல்ட் எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டது. இத்தகைய திருத்தம் வெளியுறவை நடத்தும் எந்த அதிபரின் கையையும் கட்டிப்போடும் என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. வாக்குச்சாவடி திறக்கும்வரை எதிரி காத்திருப்பான் என்று நம்ப முடியாது. மிரட்டிப் பேசும் ராஜதந்திரமும் எடுபடாது. ஆனாலும், மக்கள் கருத்தைப் போர் முடிவில் நேரடியாக நுழைய விடக் கூடாது என்று அன்று வாதிட்ட அதே ரூஸ்வெல்ட்தான், இரண்டே ஆண்டுகளில் அந்தக் கருத்தின் ஏற்ற இறக்கங்களை வேறெந்த அதிபரையும்விடக் கூர்ந்து படிப்பவர் ஆனார்.

எண்கள்

கேலப் தம் நிறுவனத்தை 1935இல் தொடங்கினார். 1936 தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகளைத் திரட்டி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லாண்டன் வெல்வார் என்று சொல்லித் தோற்றது. அதைவிட மிகக் குறைவானவர்களைக் கேட்ட கேலப் ரூஸ்வெல்ட் என்று சொல்லி வென்றார். எண்ணிக்கையில் எதுவும் இல்லை, யாரைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் என்ற பாடம் நிலைபெற்றது. கேலப்புக்கு இது வெறும் வியாபாரம் அல்ல. மக்களின் விருப்பத்தை எந்நேரமும் அறிய முடிகிற ஒரு கட்டத்தை ஜனநாயகம் எட்டலாம் என்று பிரிட்டிஷ் அறிஞர் ஜேம்ஸ் பிரைஸ் 1888இல் எழுதியதைத் தம் முறை நிறைவேற்றிவிட்டதாக அவர் நம்பினார். மாதிரியை வைத்து நடத்தும் பொதுவாக்கெடுப்பு என்றே தம் கணிப்புகளை அவர் கருதினார்.

வாக்கெடுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளை அவர் பெரிதுபடுத்தவில்லை. முதலாவது, யார் அந்த மக்கள் என்பது. அன்றைய ஒதுக்கீட்டு முறையில் பேட்டியாளர்கள் தங்களுக்குத் தரப்பட்ட கணக்கை நிரப்பினால் போதும். வாக்களிப்போரைப் பிரதிபலிப்பதே நோக்கம் என்பதால் கேலப்பின் மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த தென் மாநிலக் கறுப்பின மக்கள் அநேகமாக இல்லை. ஏழைகளும் குறைவு. பிற்காலத்தில் இந்தத் தரவுகளைத் தூசி தட்டி எடுத்துச் சரிக்கட்டிய அரசியல் அறிஞர் ஆடம் பெரின்ஸ்கி, இந்தச் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் அந்தக் காலத்து எண்களைப் படிக்க முடியாது என்று காட்டினார். காலப்போக்கின் பொதுவான திசை தப்பவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் அமெரிக்கா இத்தனை சதவீதம் என்று அடித்துச் சொல்வது ஆபத்து.

இரண்டாவது, கேள்வியை அமைப்பவர் யார் என்பது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹாட்லி கான்ட்ரில் இதைச் சோதித்தார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இப்போது செய்வதைவிட அதிக உதவி செய்ய வேண்டுமா என்று ஒரு பாதி ஆட்களிடம் கேட்டபோது 13 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஹிட்லருக்கு எதிரான அவர்களது போராட்டத்தில் என்ற சொற்களைச் சேர்த்து மறுபாதியிடம் கேட்டபோது அது 22 ஆனது.

இந்த இரண்டு எச்சரிக்கைகளோடு 1939–41 ஆண்டுகளின் எண்களுக்குள் போகலாம். ஐரோப்பாவில் போர் மூண்டபோது 84 சதவீத அமெரிக்கர்கள் நேச நாடுகள் வெல்ல வேண்டும் என்றார்கள். ஜெர்மனி வெல்ல வேண்டும் என்றவர்கள் 2 சதவீதம். அனுதாபம் யார் பக்கம் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் படை அனுப்பிப் போரில் இறங்கலாமா என்றால் சிறுபான்மையினரே ஆம் என்றார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. அப்போது இரண்டு கேள்விகள் ஒரே சமயத்தில் களத்தில் இருந்தன. போரில் இறங்குவதா, விலகி நிற்பதா என்று வாக்களிக்கச் சொன்னால் எப்படி வாக்களிப்பீர்கள் என்பது ஒன்று. போருக்கு வெளியே இருப்பது முக்கியமா, போரில் சிக்கும் அபாயம் இருந்தாலும் இங்கிலாந்தை வெல்ல வைப்பது முக்கியமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு ‘இறங்கலாம்’ என்ற விடை 1941இலும் சிறுபான்மையாகவே கிடந்தது. இரண்டாவது கேள்விக்கான ‘அபாயம் இருந்தாலும் உதவலாம்’ என்ற விடை 1940 மே மாதம் மூன்றில் ஒருவர் அளவில் இருந்தது. செப்டம்பரில் பாதியைத் தாண்டியது. 1941 தொடக்கத்தில் பத்தில் ஆறுக்கு மேல் ஏறியது. ஒரே மக்கள், ஒரே மாதங்கள். முதல் கேள்வி லட்லோவின் வாக்குச்சீட்டுக்குச் சமம். அது அச்சிடப்பட்டிருந்தால் பேர்ல் துறைமுகம்வரை போர் தோற்றிருக்கும். இரண்டாவது கேள்வி அரசின் கொள்கைக்குச் சமம். அரசு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த பாதையில் மக்கள் எவ்வளவு தூரம் கூட வருவார்கள் என்பதை அது அளந்தது.

அந்தப் பாதை இப்படிப் போனது. 1940 செப்டம்பர் 2இல் கடற்படைத் தளங்களுக்கு ஈடாக ஐம்பது நாசகாரிக் கப்பல்கள் பிரிட்டனுக்கு. அதே மாதம் 16இல் அமெரிக்காவின் முதல் அமைதிக்காலக் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம். அக்டோபர் 30 அன்று பாஸ்டன் தேர்தல் கூட்டத்தில், உங்கள் பிள்ளைகள் அந்நியப் போருக்கு அனுப்பப்பட மாட்டார்கள் என்று ரூஸ்வெல்ட் தாய்தந்தையருக்கு உறுதி கொடுத்தார். 1941 மார்ச்சில் நேச நாடுகளுக்கு ஆயுதம் வழங்க வழிசெய்த கடன்–குத்தகைச் சட்டம் வந்தது. கட்டாயச் சேவையின் காலத்தை நீட்டிக்கும் மசோதா ஆகஸ்ட் 12இல் 203க்கு 202 என்று ஒரே வாக்கில் தப்பியது. அக்டோபர் கடைசி நாளில் ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்ததில் சுமார் நூறு மாலுமிகள் மாண்டனர். அப்போதும் ரூஸ்வெல்ட் போர் கேட்கவில்லை.

கான்ட்ரில் 1940இலிருந்தே தம் கணிப்புகளை வெள்ளை மாளிகைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ரூஸ்வெல்ட்டுக்கு வேண்டியிருந்தது கருத்து நகரும் வேகம். எனவே வரைகோடுகளாக அவை போயின. மக்கள் என்ன சொல்கிறார்களோ அதைச் செய்ய அவர் அவற்றைப் படிக்கவில்லை. அடுத்த அடியை எப்போது வைக்கலாம், எந்தச் சொல்லில் வைக்கலாம் என்று பார்க்கப் படித்தார். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. நாஜி ஜெர்மனியின் எதிரில் இதைவிட வேறு எப்படி ஒரு ஜனநாயகத்தை நடத்த முடியும் என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவது தரப்பின் பக்கம் நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் போர் நியாயமானதாக இருந்ததால் அந்த முறையும் நியாயமானது என்ற முடிவுக்குப் பின்வந்தவர்கள் தாவிவிட்டார்கள். கேடு அங்கே தொடங்கியது.

போரில் இறங்குவதை எதிர்த்து 1940 செப்டம்பரில் உருவான ‘அமெரிக்கா முதலில்’ குழுவுக்கு ஒரு கட்டத்தில் எட்டு லட்சம் உறுப்பினர்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்த சில நாட்களில் அது தானே கலைந்தது. 1941 டிசம்பர் 8 அன்று செனட்டில் 82க்கு 0, பிரதிநிதிகள் சபையில் 388க்கு 1. அந்த ஒரே எதிர்ப்பு மறுபடியும் ஜெனட் ராங்கினுடையது. போர் அறிவிப்பை ஏற்கிறீர்களா என்று கேலப் கேட்டபோது 97 சதவீதம் ஆம். தாக்கப்பட்டால் வாக்கெடுப்பு வேண்டியதில்லை என்பது லட்லோவின் திருத்தத்திலேயே இருந்த விதிவிலக்கு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உலகத்தின் பெரும் போருக்கு அமெரிக்கர்கள் தயாராக இருந்தார்களா என்ற கேள்விக்கு, அரசு கேட்கும் முன்பே ஜப்பான் விடை சொல்லிவிட்டது.

தவறா?

கொரியாவில் 1950 ஜூனில் அதிபர் ட்ரூமன் காங்கிரஸிடம் போர் அறிவிப்புக் கேட்கவே இல்லை. காவல் நடவடிக்கை என்ற பெயரோடு போர் நடந்தது. வாக்குச்சீட்டு போனது போக, மக்கள் பிரதிநிதிகளின் வாக்கும் போயிற்று. எஞ்சியது கேலப்பின் ‘தவறா’ என்ற கேள்வி மட்டும். 1950 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 20 சதவீதம். சீனப் படைகள் இறங்கிய பின், 1951 தொடக்கத்தில், பாதிப் பேர்.

வியட்நாமில், அதிபருக்குப் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் தந்த 1964 ஆகஸ்டின் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் ஓர் எதிர்ப்பும் இல்லாமல், செனட்டில் இரண்டே எதிர்ப்போடு நிறைவேறியது. தவறு என்றவர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம்; 1968 ஆகஸ்டில் 53; 1971 மே மாதம் 61. இவ்விரு போர்களையும் ஒப்பிட்டு 1973இல் நூல் எழுதிய ஜான் ம்யூலர், உயிரிழப்பு பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஆதரவு சுமார் 15 புள்ளி சரிவதாகக் கணக்கிட்டார். முதல் ஆயிரம் சாவுகள் உலுக்கும் அளவுக்கு அடுத்த ஆயிரம் உலுக்குவதில்லை என்பதே அதன் பொருள். தெருவில் இறங்கிப் போராடிய மாணவர்களின் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவரது இன்னொரு கண்டறிதல் வியப்பளிக்கும்: கணிப்புகளில் இளைஞர்கள் முதியவர்களைவிடப் போரை அதிகம் ஆதரித்தார்கள்.

‘தவறு’ என்று சொன்ன எல்லோரும் படையைத் திரும்பக் கேட்டவர்களும் அல்லர். அரைகுறையாகப் போரிடுவதுதான் தவறு, முழு பலத்தோடு அடிக்க வேண்டும் என்ற கோபமும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருந்தது. 1968இல் கம்யூனிஸ்ட் படைகளின் டெட் தாக்குதல் தொடங்கிய உடனே, தங்களைப் ‘பருந்து’, அதாவது போரைத் தீவிரப்படுத்த விரும்புபவர், என்று சொல்லிக்கொண்டவர்கள் சற்றுக் கூடத்தான் செய்தார்கள். சரிவு அதற்குப் பின் வந்தது. ஒற்றைக் கேள்வியில் எதிரெதிரான இரண்டு மனங்கள் ஒரே கட்டத்தில் குறியிடப்பட்டன.

1973இல் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. அதிபரின் போர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிக்சனின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் நிறைவேற்றியது. கட்டாய ராணுவச் சேவை முடிவுக்கு வந்தது. முதலாவதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆனால் மக்கள் கருத்தைப் பொறுத்தவரை இரண்டாவதன் விளைவு ஆழமானது. அதுவரை கேலப்பின் கேள்விக்கு விடை சொன்னவர்களில் பலர் தம் மகனை மனத்தில் வைத்துச் சொன்னார்கள். இனி அந்தக் கட்டாயம் இல்லை. வரியிலும் இதே கதை. வியட்நாம் செலவுக்காக 1968இல் பத்து சதவீதக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. 2003 மே மாதம், ஈராக்கில் படை நின்றுகொண்டிருக்கும்போதே, அதிபர் புஷ் வரிக்குறைப்பில் கையெழுத்திட்டார்.

ஈராக் போருக்கு முந்தைய மாதங்களில் படையெடுப்பு ஆதரவு பாதியைச் சற்றே கடந்து நின்றது. ஐ.நா. ஒப்புதல் இல்லாமல் என்ற நிபந்தனையைச் சேர்த்தால் பாதிக்குக் கீழே இறங்கியது. 2003 மார்ச்சில் ஐ.நா. ஒப்புதல் இல்லாமலேயே குண்டுகள் விழத் தொடங்கியதும் 72 சதவீதம் ஆனது. ஒப்புதல் இல்லை என்றால் வேண்டாம் என்றவர்களில் கணிசமானோர் சில நாட்களில் அந்த நிபந்தனையை மறந்தார்கள் என்பதுதான் இதற்குப் பொருள். கொடியைச் சுற்றித் திரளுதல் என்று அறிஞர்கள் அழைக்கும் இந்த விளைவை ம்யூலரே 1970இல் விளக்கியிருந்தார். 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் நடத்திய கணிப்பில் 69 சதவீதம் பேர், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் சதாம் ஹுசேனுக்கு நேரடிப் பங்கு இருந்திருக்கக்கூடும் என்றார்கள். லிப்மன் சொன்ன தலைக்குள் சித்திரத்துக்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. ஆனால் அந்தச் சித்திரத்தைத் தீட்ட உதவியவர்கள் அவர் நம்பிய அந்த ‘அறிந்தவர்கள்’தான். 2004 ஜூனில் தவறு என்றவர்கள் முதன்முறையாகப் பாதியைத் தாண்டி 54 சதவீதம் ஆனார்கள். அமெரிக்கப் படை வெளியேற அதன்பின் ஏழு ஆண்டு பிடித்தது.

கட்சி

போரின் ஆதரவு உயிரிழப்பைப் பொறுத்தது என்றார் ம்யூலர். வெற்றி கிட்டும் என்ற நம்பிக்கையைப் பொறுத்தது என்றனர் கெல்பி, ஃபீவர், ரைஃப்லர் என்ற மூன்று அறிஞர்கள். மக்கள் தம் கட்சித் தலைவர்களின் குரலைக் கேட்டே நிலை எடுக்கிறார்கள் என்றார் பெரின்ஸ்கி. தலைவர்கள் ஒருமித்தால் மக்களும் ஒருமிப்பார்கள், பிளந்தால் பிளப்பார்கள். மூன்றுக்கும் சான்றுகள் உண்டு. கட்டாயச் சேவையும் போர் வரியும் போன பிறகு மூன்றாவதன் எடை கூடிவிட்டது என்பது என் கணிப்பு. தன் வீட்டுக்கு இழப்பு இல்லாதபோது, கேள்விக்கு விடை சொல்பவருக்குக் கையில் இருக்கும் ஒரே அளவுகோல் கட்சி.

சிரியா இதைச் சோதனைச்சாலை போல் காட்டியது. 2013 ஆகஸ்டில் டமாஸ்கஸ் புறநகரில் ரசாயன ஆயுதம் பயன்படுத்தப்பட்டதை அடுத்துத் தாக்குதலுக்குத் திட்டமிட்ட ஒபாமா, வழக்கத்துக்கு மாறாகக் காங்கிரஸின் அனுமதியை முன்கூட்டியே கேட்டார். அதற்குச் சில நாட்கள் முன்பு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 285க்கு 272 என்று தாக்குதலை நிராகரித்திருந்தது. கேலப் கணிப்பில் ஆதரவு 36, எதிர்ப்பு 51. அனுமதித் தீர்மானம் முழு வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. சிரியா தன் ரசாயன ஆயுதங்களை ஒப்படைக்கலாம் என்ற ரஷ்யாவின் யோசனை மாற்று வழி தந்தது. நீண்ட காலத்துக்குப் பின், குண்டு விழும் முன்பே கேள்வி கேட்கப்பட்ட இடம் இது. விடை இல்லை என்று வந்தது, குண்டும் விழவில்லை.

2017 ஏப்ரலில் மறுபடியும் ரசாயனத் தாக்குதல். இம்முறை டிரம்ப் யாரையும் கேட்காமல் ஷைரத் விமானத் தளத்தின் மீது 59 டோமாஹாக் ஏவுகணைகளை ஏவினார். பிறகு எடுத்த கணிப்பில் பாதிப் பேர் ஆதரித்தார்கள். வாஷிங்டன் போஸ்ட், ஏபிசி இணைந்து எடுத்த கணிப்புகளைக் கட்சிவாரியாகப் பிரித்தால், ஜனநாயகக் கட்சியினரிடையே ஆதரவு 2013இல் 38 சதவீதம், 2017இல் 37. குடியரசுக் கட்சியினரிடையே 2013இல் 22, 2017இல் 86.